குறைந்த கட்டண மின்சாரம் யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கு, அதிலேயே பிட்காயின் மைனிங் செய்து சம்பாதிக்கலாமே என்ற ஆசை வருகிறது. சாதாரணக் கம்ப்யூட்டரால் அது முடியாது எனத் தெரிந்ததும் அடுத்த யோசனை எழுகிறது. "நண்பர்கள் சேர்ந்து, கரண்ட் கட்டணம் குறைவான இடத்தில் ஓர் அறை எடுத்து, மைனிங் மெஷின்களை வாங்கி வைத்தால் என்ன?" அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கினைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மைனிங் என்பது ஒரு போட்டி. பிட்காயின் பரிமாற்றங்களைப் பதிவேட்டில் சேர்க்கும் உரிமைக்காக, உலகெங்கும் உள்ள மெஷின்கள் இரவு பகலாக ஒரு விடையைத் தேடுகின்றன. சுமார் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவர் வெற்றி பெறுவார். அவருக்கான பரிசு 2024 ஏப்ரலில் 6.25 பிட்காயினிலிருந்து 3.125 ஆகக் குறைந்தது. அதாவது, உலகம் முழுமைக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 450 பிட்காயின்தான்.

ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மெஷினை எடுத்துக்கொள்வோம். இதன் வேகம் 200 டெராஹாஷ். இழுக்கும் மின்சாரம் 3,500 வாட். 24 மணி நேரம் ஓடினால் 84 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 840 ரூபாய். 2025ல் பிட்காயின் நெட்வொர்க்கின் மொத்த வேகம் 1 ஜீட்டாஹாஷ் அளவை எட்டியது. அதில் உங்கள் மெஷினின் பங்கு 50 லட்சத்தில் ஒன்று. பலருடன் சேர்ந்து பூல் முறையில் தேடினாலும் கிடைப்பது தினமும் சுமார் 0.00009 பிட்காயின். ஒரு பிட்காயின் 93 லட்சம் ரூபாய்க்கு விற்றால்தான் கரண்ட் பில் மட்டுமாவது தேறும். மெஷின் விலை, வாடகை எல்லாம் தனி.

எனவேதான் எல்லாரும் குறைந்த கட்டண மின்சாரத்தைத் தேடுகிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட மின்சாரம் எங்கும் சும்மா கிடப்பதில்லை. அது யாரோ சிலருக்கென ஒதுக்கப்பட்ட பங்கு.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிளாட்ஸ்பர்க் நகரைப் பாருங்கள். செயின்ட் லாரன்ஸ் நதியின் நீர்மின்சாரத்தில் 104 மெகாவாட் இந்நகருக்குக் குறைந்த விலையில் ஒதுக்கப்பட்டுள்ளது. அதனை நம்பி மைனிங் நிறுவனங்கள் வந்தன. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கவும் அங்கே மின்சாரமே வேண்டும். 2018 ஜனவரி வாக்கில் ஒதுக்கீட்டைத் தாண்டிப் பயன்பாடு சென்றதால், வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் சுமை மைனிங் என்றால் என்னவென்றே அறியாத குடும்பங்களின் பில்லிலும் ஏறியது. மார்ச் மாதம் நகர நிர்வாகம் புதிய மைனிங் கூடங்களுக்கு 18 மாதத் தடை விதித்தது.

நமது நண்பர்கள் அறைக்கும் இது பொருந்தும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது 2003 மின்சாரச் சட்டப்படி முறைகேடான பயன்பாடு. பிடிபட்டால் இரு மடங்கு கட்டணம் விதிக்கப்படும். அலுவலகத்திலோ விடுதியிலோ மெஷினை ஒளித்து வைத்து ஓட்டுவது திருட்டு. மேலும் ஒரு மெஷின் ஓயாமல் 15 ஆம்பியர் இழுக்கும். பழைய வயரிங் உள்ள கட்டடத்தில் நான்கு மெஷின் வைத்தால், ஆபத்து பக்கத்து வீட்டாருக்கும்தான்.

"மெஷினை எங்களிடம் தாருங்கள், எங்கள் கூடத்தில் ஓட்டித் தருகிறோம்" என்று வாடகைக்கு இடம் தரும் நிறுவனங்களும் உண்டு. இத்தொழிலில் பெரிய பெயரான கம்ப்யூட் நார்த் 2022 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. பெரிய நிறுவனத்திற்கே இந்த நிலை என்றால், முகவரி தெரியாத நிறுவனத்திடம் மெஷினை ஒப்படைப்பது எப்படி?

வரியையும் மறக்க வேண்டாம். இந்தியாவில் கிரிப்டோ லாபத்திற்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. மைனிங் கருவிகளுக்கான செலவு அந்த விலையில் சேராது என 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது.

பிட்காயின் எப்படி இயங்குகிறது என்பதனைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு உங்கள் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் போதும். ஆனால் யாராவது "கரண்ட் ரொம்பக் குறைவு" என்று ஓர் இடத்தைக் காட்டினால், மீதிக் காசை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அந்த இடம் வேண்டாம்.