கல்யாணம் ஆனால் பெண்ணின் மதம் மாறிவிடுமா? பார்சிகள் சொல்லும் பாடம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்தில் கிளம்பி, இன்றைய வாலாஜா ரோடு வரை ஓடியது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என நம்ம தோல் தொழில் ஊர்களுக்கும் ராயபுரத்துக்கும் அவ்வளவு பழைய பந்தம். அந்த ராயபுரத்தில் 1910-ல் கட்டிய ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே சிலை கிடையாது, நெருப்புதான். தமிழ்நாட்டில் பார்சிகளுக்கு உள்ள ஒரே அக்னிக் கோயில் இது.

யார் இந்த பார்சிகள்?

பழைய பாரசீகத்தில் ஜரதுஷ்டிரர் போதித்த மதத்தைப் பின்பற்றுபவர்கள். கடவுள் பெயர் அஹுரா மஸ்தா. நெருப்பு அவருடைய ஒளியின் அடையாளம். நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல்: கொள்கை இவ்வளவுதான். 7-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் அரபுகளின் கைக்குப் போன பிறகு, ஒரு பகுதியினர் கடல் வழியாக குஜராத் வந்து சேர்ந்தார்கள்.

ஏன் குறைகிறார்கள்?

2001 கணக்கெடுப்பில் இந்தியாவில் 69,601 பார்சிகள். 2011-ல் 57,264. தாமதத் திருமணம், குறைந்த பிள்ளைப்பேறு, வெளிநாட்டுக் குடியேற்றம் எல்லாம் காரணம். பிறப்பைக் கூட்ட 2013-ல் மத்திய அரசு 'ஜியோ பார்சி' திட்டமே கொண்டுவந்தது.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. பார்சி ஆண் வெளியில் கல்யாணம் செய்தால் அவர் பிள்ளைகள் பார்சி. பெண் செய்தால் பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. 1908-ல் பாம்பே உயர் நீதிமன்றம் சொன்ன விளக்கத்தை ஒட்டி வந்த வழக்கம் இது.

சிறப்புத் திருமணச் சட்டப்படி இந்து ஒருவரை மணந்த குஜராத் பார்சி பெண், பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமை கேட்டு நீதிமன்றம் போனார். திருமணமானால் பெண் கணவனின் மதத்தவராகவே கருதப்படுவார் என 2012-ல் குஜராத் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, 2017-ல் வல்சாடு பார்சி அறக்கட்டளை அவரை அனுமதிக்கச் சம்மதித்தது.

சின்ன சமூகம், கரைந்துபோவோமோ என்று பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த பயம் மகன் விஷயத்தில் மட்டும் ஏன் வருவதில்லை?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. கல்யாணம் ஆனதும் அவர்களின் பி.எஃப். கணக்கு புருஷன் பெயருக்குப் போய்விடுமா? போகாது, ஏன்னா அது அவள் உழைத்த காசு. பணத்துக்கு இருக்கும் நியாயம் நம்பிக்கைக்கு இல்லையா?

இதைப் பார்சிகளின் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. வேறு சாதியில் கட்டிய மகனை, பேரன் பிறந்ததும் சேர்த்துக்கொள்ளும் நம்ம வீடுகள், மகளுக்கும் அதேபோல் கதவைத் திறக்கின்றனவா? முதலில் அதற்குப் பதில் சொல்வோம்.