காய்ச்சலே இல்லை, ஆனாலும் ரத்தத்தில் தொற்று: எக்மோ நோயாளிகளுக்கு என்ன நடக்கிறது?

ஜெயலலிதாவுக்கு 2016 டிசம்பர் 4-ல் எக்மோ பொருத்தப்பட்டது. மறுநாள் இரவு காலமானார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020-ல் வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தார். கொரோனா நெகட்டிவ் என்று செப்டம்பர் 7-ல் மகன் சரண் சொன்ன பிறகும் கருவியை எடுக்க முடியவில்லை. செப்டம்பர் 25-ல் உயிர் பிரிந்தது.

இப்படி நாட்கள் நீளும்போது மருத்துவர்கள் அதிகம் பயப்படுவது ரத்தத்தில் பரவும் தொற்றுக்குத்தான்.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

எக்மோ, உடலில் இருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திருப்பி அனுப்பும். இதற்காகத் தொடையிலோ கழுத்திலோ பென்சில் தடிமனில் குழாய் போடுவார்கள். தோலில் அது ஒரு திறந்த கதவு மாதிரி. போதாக்குறைக்கு வென்டிலேட்டர், சிறுநீர்க் குழாய் வேறு.

1998 முதல் 2008 வரை எக்மோவில் இருந்த 20,741 பேரின் சர்வதேசப் பதிவுகளை ஆராய்ந்ததில், 11.7 சதவீதம் பேருக்குப் புதிதாக ஏதோ ஒரு தொற்று வந்திருந்தது. பெரியவர்களில் மட்டும் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்கு.

காய்ச்சல் ஏன் தெரிவதில்லை?

சிக்கலே இங்கேதான். வெளியே வரும் ரத்தம் குளிர்ந்துவிடாமல் இருக்க, அதன் வெப்பநிலையைக் கருவியே கட்டுப்படுத்துகிறது. அதனால் உள்ளே தொற்று இருந்தாலும் தெர்மாமீட்டர் நார்மல் காட்டலாம். வெள்ளையணு எண்ணிக்கையையும் முழுசாக நம்ப முடியாது. கருவியில் ரத்தம் உரசுவதாலேயே அது மாறும்.

வீரகேரளம்புதூரில் இருந்தோ தென்காசியில் இருந்தோ நோயாளியை வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குடும்பத்துக்கு, ஐசியூ வாசலில் கிடைப்பது தினமும் இரண்டு வரிதான். "நேத்து வரைக்கும் காய்ச்சல்கூட இல்லைன்னீங்களே, இன்னிக்கு செப்சிஸ்ங்கிறீங்க?" என்று அவர்கள் கொதிப்பது நியாயம். ஆனால் அதை வைத்து மட்டும் மறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

குழாயைக் கழற்றினால் என்ன?

சாதாரண நரம்புக் குழாயில் தொற்று என்றால் உருவி எறிந்துவிடலாம். எக்மோவில் உயிரே அந்தக் குழாயில்தான் ஓடுகிறது. மருந்துகளில் சில கருவியின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதால், எவ்வளவு டோஸ் கொடுப்பது என்பதும் குழப்பம். சரி, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே? எக்மோவில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் தொடர்ந்து கொடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பூஞ்சையும்தான் மிஞ்சும்.

குடும்பத்தினர் தினமும் மூன்று கேள்வி கேட்கலாம். ரத்த கல்ச்சர் எடுத்தாச்சா? குழாய் போட்ட இடம் எப்படி இருக்கு? எக்மோவை எப்போ எடுக்க முயற்சி பண்ணுவீங்க? கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாள் ஆகும். சந்தேகம் பலமாக இருந்தால் அதுவரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.