‘மீதி’ என்றால் கழித்தலாம்!

கிண்ணியாவிலும் மூதூரிலும் டியூசன் வகுப்புச் சுவர்களில் ஒரு தாள் தொங்குகிறது. பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களிலும் அதுதான் சுற்றுகிறது. ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, இன் என்றால் பெருக்கு, பகிர்ந்தால் வகு.’ பின்ன வசனக் கணக்குக்கு இது குறுக்கு வழியாம். இந்தத் தாளைக் கழற்றுங்கள் என்கிறோம், கணிதம் படிப்பிக்கும் நாங்கள்.

போத்தலில் 3/4 லீற்றர் மண்ணெண்ணெய் இருக்கிறது. அதில் 1/3 பங்கை விளக்குக்கு ஊற்றினால் மீதி எவ்வளவு? 1/2 லீற்றர். அதே போத்தலில் இருந்து 1/3 லீற்றரை ஊற்றினால் மீதி? 5/12 லீற்றர். இரண்டிலும் ‘மீதி’ இருக்கிறது. ஒன்றில் பங்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்த பிறகுதான் கழிக்கலாம், மற்றதில் நேரே கழிக்கலாம். தாளை மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டுக்கும் 5/12 என்றே எழுதும்.

இன்னொன்று. படகின் எண்ணெய்த் தாங்கியில் 3/4 பங்கு நிரம்ப 36 லீற்றர் போகிறது. முழுத் தாங்கி எத்தனை லீற்றர்? பிள்ளை ‘36 இன் 3/4’ என்று பெருக்கி 27 என்கிறது. முக்கால் தாங்கிக்கே 36 லீற்றர், முழுத் தாங்கிக்கு 27! அந்தப் பிள்ளைக்கு இது உறுத்தவே இல்லை. உறுத்த வேண்டிய இடத்தில்தான் தாளை ஒட்டி மூடி விட்டார்களே. மூன்று பங்கு 36 என்றால் ஒரு பங்கு 12, நாலு பங்கு 48. படம் கீறினால் தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும்.

எங்கள் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, மிஞ்சியதில் தோணிக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு இத்தனை பங்கு என்று வாப்பா கரையில் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மீதிக்குப் பிறகும் வகுத்தல் வரும், பெருக்கல் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். வகுப்புக்குள் வந்த பிறகுதான் அதை மறக்க வைக்கிறோமே, அதுதான் கொடுமை.

வாரிசுப் பங்கையும் பாருங்கள். மௌத்தானவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டும் என்றால் மனைவிக்கு 1/8. மீதி 7/8 ஐ மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று பிரித்தால் மகனுக்கு 7/12, மகளுக்கு 7/24. ‘மீதி’யைக் கண்டதும் கழித்து விட்டு நிற்கிறவன் கையில் யாருடைய காணியையும் கொடுக்க முடியுமா? 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்து அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலிலும் இப்படிப்பட்ட பங்குக் கணக்குகளே பெரும் இடம் பிடித்திருக்கின்றன.

‘ஓ.எல். பாஸ் பண்ண இது போதும் சேர்’ என்கிறார்கள். போதாது. சம்பளத்தில் 1/4 வாடகைக்கு, மீதியின் 2/3 சாப்பாட்டுக்கு என்ற மாதிரிக் கணக்குத்தானே அங்கே வருகிறது? சாப்பாட்டுக்குப் போனது 3/4 இன் 2/3, அதாவது 1/2. ஒரே வரியில் மீதியும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது. தாள் எதைச் செய்யச் சொல்லும்?

நேரம் காணாது என்பதும் சாட்டுத்தான். பேனையைத் தொட முன் இரண்டு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும்: இந்தப் பின்னம் எதனுடைய பங்கு? விடை கூடுமா, குறையுமா?

நம்பாதவர்கள் இன்று இரவு அந்த இரண்டு மண்ணெண்ணெய்க் கணக்கையும் வீட்டில் பிள்ளையிடம் கேட்டு, வரும் விடையைக் கீழே எழுதுங்கள்.