நேரமும் சாதிச் சொத்துதான்

வேலையை விடாமல் கணினிப் படிப்பு படித்து முன்னேறியவர்களின் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. பகலில் ஆலை வேலை, இரவில் பைத்தான் வகுப்பு. மனமிருந்தால் யாரும் செய்யலாம் என்று முடிப்பார்கள். படிக்கும் நேரம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கணக்கு மட்டும் அந்தக் கதைகளில் வராது.

எங்கள் ஊர் சீயமங்கலம், செஞ்சிக்கு வடக்கே தேசூரை ஒட்டி இருக்கிறது. மகேந்திரவர்மன் குடைந்த கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி செய்யாறு சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். சேரியிலிருந்து போகும் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள்.

அவர்களில் சிலர், சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். நல்ல படிப்புதான். ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. சான்றிதழ், டிப்ளமோ, பட்டம் என்று வேண்டிய கட்டத்தில் நின்றுகொள்ளலாம். பணத் தடையும் நுழைவுத் தடையும் ஓரளவு குறைந்திருக்கின்றன. நேரத் தடை அப்படியே இருக்கிறது.

ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் தேவை. இரண்டு பாடம் எடுத்தால் 20. வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். ஆலை வேலைக்கு 48. போக வர நாளுக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் ஆறு நாளுக்கு 18. தூக்கம் நாளுக்கு 7 என்றால் 49. மீதி 53இல் படிப்புக்கு 20 போனால் கையில் இருப்பது 33.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். 299 நிமிடம் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 35 மணி நேரம். ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு இது குறையலாம். பாதியாகக் குறைந்தாலும், குளிக்க, சாப்பிட, ரேஷன் கடையில் நிற்க, காய்ச்சல் வந்தால் படுக்க அவளுக்கு மிஞ்சுவது நாளுக்கு இரண்டு மணி நேரம்தான். ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு.

நிலமோ வாடகை வருமானமோ அப்பாவின் ஓய்வூதியமோ உள்ள வீட்டுப் பையன், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்து படிக்கலாம். இருவரும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். முடிவு வந்ததும் அவன் திறமைசாலி. இவள் முயற்சி போதாதவள். சாதி நம்மிடமிருந்து நிலத்தைப் பறித்து வைத்தது. நிலமில்லாதவர் கூலிக்கு நேரத்தை விற்றுப் பிழைத்தார். இன்று ‘தகுதி’ என்று அளக்கப்படுவதில் பாதி, அப்படித் தலைமுறையாகச் சேர்ந்த ஓய்வு நேரம்தான்.

“அம்பேத்கர் இராப்பகலாகப் படிக்கவில்லையா?” என்று நம்மவர்களே கேட்பதுண்டு. படித்தார். 1918 முதல் 1920 வரை பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவின் கடனும் சேர்ந்துதான் அவரால் லண்டன் திரும்ப முடிந்தது. வேலையை விட்டுவிட்டுப் போய்த்தான் அவர் படிப்பை முடித்தார். பின்னர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலை வேலை நேரத்தை வாரம் 54 மணியிலிருந்து 48ஆகக் குறைக்கும் 1946 சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். விளக்கடியில் படித்த அம்பேத்கரைக் கொண்டாடுகிற நாம், வேலை நேரத்தைக் குறைத்த அம்பேத்கரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த நேரத்தை மீண்டும் பறிக்கும் முயற்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அது நிலைத்திருந்தால் மேலே போட்ட கணக்கில் படிப்புக்கு இடமே இருந்திருக்காது.

நான் முனைவர் பட்ட ஆய்வாளர். பகலில் நூலகத்தில் உட்கார முடிவதற்குக் காரணம் மாதாமாதம் வரும் உதவித்தொகை. அரசு எனக்காக வாங்கிக் கொடுத்த நேரம் அது. ஆய்வு மாணவருக்குச் செய்வதை ஆலைத் தொழிலாளிக்கும் செய்யலாம். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பெரிதும் மாணவர்களைக் கருதியது. கல்லூரியைத் தவறவிட்டு ஆலைக்குள் நிற்பவருக்கும் ஒரு கதவு வேண்டும். தாட்கோ, பயிற்சிக் கட்டணத்தோடு, படிக்கும் மாதங்களில் இழக்கும் கூலியையும் ஈடுகட்ட வேண்டும். 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்தில், இரவிலும் திறந்திருக்கும் இணைய வசதியுள்ள படிப்பகம் ஒவ்வொரு சேரிக்கும் வேண்டும்.

ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றி பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. சங்கத்தில் இருக்கும் தோழர்கள், அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியாக இதை எழுதுங்கள். சங்கம் இல்லாத ஆலை என்றால், சங்கம் வைக்க இதுவும் ஒரு காரணம்.