'வயசுக்கு நல்லாயிருக்கு' என்று சொல்லாதேங்கோ

கொஞ்ச நாளைக்கு முதல் எங்கட பட்ச் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய வீடியோவைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். 2021 மே மாதம், லொஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தின் சைப்ரஸ் பார்க் கிளை. புத்தக அலுமாரிகளுக்கு நடுவில் நாலு பெட்டையள் 'ரேசிஸ்ட், செக்ஸிஸ்ட் போய்' என்ற பாட்டை அடித்தொண்டையால் கத்திப் பாடுகிறார்கள். த லிண்டா லிண்டாஸ். அந்த நேரம் அவர்களுக்கு 10, 13, 14, 16 வயது. கீழே வரிசையாகப் பதில்கள்: சிரிக்கிற முகங்கள், இதயங்கள், "ஐயோ அந்தச் சின்னன் டிரம்ஸ் அடிக்கிற வடிவைப் பாரன்", கடைசியில் ஒரு அண்ணா வந்து, "வயசுக்கு நல்லாச் செய்யினம், எதிர்காலம் இருக்கு" என்று முத்திரை குத்திவிட்டுப் போனார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அங்கே எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அந்தப் பாட்டு வடிவான விசயம் இல்லை. 2020இல் லொக்டவுனுக்குச் சற்று முன், வகுப்பில் ஒரு பொடியன் மிலா டி லா கார்சாவிடம், சீனாக்காரரிடம் இருந்து தள்ளி நிற்கச் சொல்லி அப்பா சொன்னவர் என்றிருக்கிறான். நானும் சீன வழிதான் என்று அவள் சொல்ல, அவன் பின்வாங்கிப் போயிருக்கிறான். அதை மிலாவும் எலோயிஸ் வொங்கும் சேர்ந்து பாட்டாக்கினார்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த அவமானத்தைச் சத்தமாகத் திருப்பிக் குடுக்கிறாள், நாங்கள் கன்னத்தைக் கிள்ளுகிறோம்.

இரண்டாவது, அந்த வீடியோதான் அவர்களின் தொடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அதற்கு அஞ்சு மாசம் முன்னரே, 2020 டிசம்பரில், தங்கட பெயரிலேயே ஒரு ஈ.பி. வெளியிட்டிருந்தார்கள். கொம்பனி ஒன்றும் இல்லை, தாங்களாகவே. 'மிஸ்ஸிங் யூ', 'நெவர் ஸே நெவர்', 'க்ளோடியா கிஷி', 'மொனிக்கா' என்று நாலே நாலு பாட்டு. ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் கேட்டு முடிக்கலாம். நூலக வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டிருப்பார்கள்? எங்கட குழுவில் ஆருமில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இந்த 'எதிர்காலம் இருக்கு' என்ற பாராட்டில் என்ன பிழை என்று கேட்கலாம். பிழை என்னவென்றால், அது கேட்பதைத் தள்ளிப்போடுகிற ஒரு வழி. நிகழ்காலத்தைக் கவனிக்காமல் விடுவதற்கு எதிர்காலத்தைக் காட்டுவது. முதலாம் வருசத்தில் ஒரு கவியரங்கில் நான் வாசித்து முடிய, தலைமை தாங்கிய பெரியவர் "இந்த வயசுக்கு இது பெரிய விசயம், வளர வேண்டிய பிள்ளை" என்றார். எந்த வரி நல்லது, எந்த வரி ஓட்டை என்று ஒரு சொல் இல்லை. வாசிக்கும்போது அவர் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்ததை நான் மேடையில் இருந்தே கண்டனான். திட்டியிருந்தால்கூட சந்தோசமாக வீட்டை போயிருப்பன்.

அதைவிடப் பெரிய பகிடி, இது பொப்-பங்க்கில் நடப்பது. இந்த இசை வகையே பதின்ம வயதை வைத்துப் பிழைத்தது. 'வட்ஸ் மை ஏஜ் அகெய்ன்?' என்று ப்ளிங்க்-182 பாடியது 1999இல். பாடிய மார்க் ஹொப்பஸுக்கு அப்போது 27 வயது. 'ஐம் ஜஸ்ட் எ கிட்' பாடின சிம்பிள் பிளான் பொடியளும் இருபதைத் தாண்டினவர்கள்தான். பள்ளிக்கூடம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவது, ஊரை விட்டு ஓடுவது, ஒருத்தருக்கும் என்னை விளங்கேல்லை என்பது. இதையெல்லாம் தாடி முளைத்த ஆம்பிளையள் வருசக்கணக்காகப் பாடினார்கள், நாங்களும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கண்கலங்கினோம். எனக்கு இன்னமும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும், பொய் சொல்லேல்லை. ஆனால் உண்மையிலேயே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதே கிற்றாரைத் தூக்கும்போது "வளர்ந்து வாங்கோ, பார்ப்பம்" என்றால் என்ன நியாயம்?

இமோவின் கதை இன்னும் மோசம். 2003இல் ஜெசிக்கா ஹொப்பர் 'பங்க் பிளானெட்' சஞ்சிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பாட்டுகளில் பெண்ணுக்குப் பெயரில்லை, வாழ்க்கையில்லை. அவள் பாடுகிறவனின் காயத்துக்குக் காரணம், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். 'அவள்' விட்டுப்போனாள், 'அவள்' ஏமாற்றினாள். அவள் தன்ர அறையில் என்ன பாட்டுக் கேட்டாள் என்று ஒருத்தரும் பாடவில்லை.

இதற்குப் பிறகு அந்த நாலு பாட்டையும் கேளுங்கோ. முழு ஈ.பி.யிலும் எனக்கு உயிர் 'க்ளோடியா கிஷி'தான். ஆன் எம். மார்ட்டின் 1986இல் தொடங்கிய 'த பேபி-சிற்றர்ஸ் கிளப்' சிறுவர் நாவல் வரிசையில் வருகிற ஜப்பானிய-அமெரிக்கப் பிள்ளை அவள். படம் கீறுவாள், விசித்திரமாக உடுத்துவாள், அறை முழுக்க இனிப்பை ஒளித்து வைப்பாள், எழுத்துப் பிழை விடுவாள், சோதனையில் கோட்டை விடுவாள். அவளுடைய அக்கா ஜனின் மகா கெட்டிக்காரி. ஆசியப் பிள்ளை என்றால் கணக்கில் புலி என்ற அச்சை உடைத்த பாத்திரம் என்பதால்தான் ஒரு தலைமுறை அவளைக் கொண்டாடியது. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் அவளைப் பற்றி ஒரு குறும் ஆவணப்படமே வந்தது, இந்தப் பாட்டும் அதில் இருக்கிறது. எங்கட வீட்டிலும் ஒரு ஜனின் இருக்கிறா, மருத்துவபீடம் மூன்றாம் வருசம். நான் கலைப்பீடம். கல்யாண வீடுகளில் "மற்றவ என்ன செய்யிறா?" என்று அம்மாவிடம் கேட்கும்போது அம்மா ஒரு கணம் நிற்பா பாருங்கோ, அந்தக் கணத்தில் நின்றவர்களுக்கு இந்தப் பாட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பாட்டில் ஒரு பொடியனும் இல்லை, ஒரு பிரிவும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணை, அதுவும் கதைப் புத்தகத்தில் இருக்கிற ஒருத்தியை, விரும்பிப் பாடுகிறாள். ஹொப்பர் அன்றைக்குக் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

'மொனிக்கா' பேலா சலசாரின் பூனையைப் பற்றியது. சிரிப்பீர்கள். சிரியுங்கோ. ஆனால் பழைய காதலியைப் பற்றிப் பன்ரண்டு பாட்டு எழுதினவனைப் பார்த்துச் சிரிக்காத நாங்கள் பூனைக்கு மட்டும் ஏன் சிரிக்கிறோம்? 'மிஸ்ஸிங் யூ' என்ற தலைப்புக்கு, 2020இல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒருத்தருக்கும் அரும்பதம் வேண்டியதில்லை.

'நெவர் ஸே நெவர்' எனக்கு ஒட்டவில்லை. தலைப்பே வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிற போஸ்டர் மாதிரி. ஜஸ்டின் பீபருக்கும் இதே தலைப்பில் பாட்டு இருக்கிறது. மற்ற மூன்றிலும் ஒரு ஆளோ பூனையோ இருக்கு, இதில் உற்சாகம் மட்டும்தான். உற்சாகம் நல்லதுதான், ஆனால் அது பாட்டுக்குக் காணாது. இப்படிச் சொல்வது அவர்களை இறக்குவதில்லை. குறை சொல்கிற அளவுக்கு ஒரு படைப்பை மதிக்கிறது இதுதான்.

இன்னொரு எதிர்வாதம் வரும், வரட்டும். "அப்பாமார் பெரிய ஆக்கள், அதனால்தான்." உண்மை, மறைக்கத் தேவையில்லை. லூசியாவினதும் மிலாவினதும் அப்பா கார்லொஸ் டி லா கார்சா, பரமோரின் 'திஸ் இஸ் வை' இசைத்தட்டின் தயாரிப்பாளர். எலோயிஸின் அப்பா மார்ட்டின் வொங், 'ஜயன்ற் ரோபோட்' சஞ்சிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஒரு டிரம் செட்டை அரைநாள் வாடகைக்கு எடுக்கக் காசு சேர்க்கிற எங்கட பொடி பெட்டையளுக்கு இது எரிச்சல் தரும். எனக்கும் தந்தது. ஆனால் ஸ்டூடியோ மைக்கைத் தரும், அதற்கு முன்னால் நின்று எதைப் பாடுவது என்று சொல்லித் தராது. ஸ்டூடியோ இருந்த எத்தனை பேர் ஒன்றுமே சொல்லாமல் போனார்கள்? வாய்ப்பு எல்லாருக்கும் இல்லை என்பதுதான் கோபம் என்றால் அந்தக் கோபத்தோடு நானும் நிற்கிறேன். அதை இந்த நாலு பேரின் தலையில் மட்டும் கொட்டுவது ஏன்?

நூலக வீடியோ பரவி ஒரு சில நாளில் எபிடாஃப் நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. 2022இல் 'க்ரோயிங் அப்', 2024இல் 'நோ ஒப்ளிகேஷன்'. அதே 2024இல் க்ரீன் டேயின் அமெரிக்கப் பயணத்தில் மைதானங்களில் முதல் ஆளாக ஏறி வாசித்தார்கள். இதைச் சொன்னால் அந்த அண்ணா "பாத்தீரா, எதிர்காலம் இருக்கு எண்டு நான் சொன்னனான்தானே" என்பார். அண்ணா, நீங்கள் சொன்னது சரிவந்ததா பிழைத்ததா என்பது இங்கே கதையில்லை. நாளைக்கே அவர்கள் வாத்தியங்களை வித்துவிட்டுக் கணக்கியல் படிக்கப் போயிருந்தாலும் 'க்ளோடியா கிஷி' அதே பாட்டுத்தான்.

அந்த ஈ.பி.யின் இணைப்பைக் குழுவில் போட்டிருக்கிறேன், வயசு போடாமல். ரெண்டு பேர் கேட்டார்கள். ஒருத்திக்குப் பிடிக்கவே இல்லை. குரல் சரியில்லை, 'மொனிக்கா' பாதியில் அலுக்குது என்று நீட்டுக்கு வொய்ஸ் அனுப்பியிருக்கிறாள். ராவைக்கு அவளோட சண்டை பிடிக்க வேண்டும்.