கூரையைத் திறந்தால் காது அடைக்கிறதா? பின் ஷட்டரை இறக்குங்கள்

வாகன இறக்குமதிக்கு 2020இல் போட்ட தடை 2025இல் நீங்கியதிலிருந்து, கூரை திறக்கும் கார்கள் கண்டி வீதிகளில் என் கண்ணில் அதிகம் படுகின்றன. கூடவே ஒரு முறைப்பாடும் வந்திருக்கிறது. வாவியைச் சுற்றி ஊர்ந்து போகும்வரை எல்லாம் சுகம். திகனப் பக்கம் வீதி கொஞ்சம் வழிவிட்டு, முள் ஐம்பதைத் தாண்டியதும் ‘தொப், தொப், தொப்’ என்று காருக்குள் காற்று அடிக்கத் தொடங்குகிறது. காது அடைக்கிறது, பின் சீட்டில் குழந்தை வீரிடுகிறது.

என் மருமகனின் காரிலும் இதே கதைதான். அவர் கொண்டுபோய்க் காட்டிய கராஜில், சன்ரூஃபின் ரப்பர் பீடிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று, பென்ஷன்காரனான எனக்குத் தலைசுற்றும் ஒரு தொகையைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார்கள். கூரை மூடியிருக்கும்போது மழைத்தண்ணீர் உள்ளே வராமல் காப்பதுதான் பீடிங்கின் வேலை. திறந்து கிடக்கும் கூரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் சொல்கிறேன். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒலிக்குமே, இதுவும் அதுதான். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த பரிவு. கூரையின் முன் விளிம்பைத் தாண்டும் காற்று சுழல் சுழலாக உடைந்து பின் விளிம்பில் மோதுகிறது. மோதும் தாளமும் காருக்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வும் எந்த வேகத்தில் ஒத்துப்போகின்றனவோ, அந்த வேகத்தில் அடி பலமாகிறது. காரின் வயிறு பெரிது. ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வுதான். மனிதக் காதின் கேள்வி எல்லைக்கு அடிவிளிம்பு அது. சத்தமாகக் கேட்பதைவிடச் செவிப்பறையில் அழுத்தமாகவே உணர்கிறோம். ரேடியோவைக் கூட்டி அதை மறைக்க முடியாது. நம் நாட்டில் கார்களுக்கான வேக எல்லை ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். பல கார்களில் இந்த அடி கிளம்புவதும் அந்த இடைவெளியில்தான்.

பின் ஷட்டர் ஒன்றை நாலு விரல் இறக்கிப் பாருங்கள். அமுங்கும் காற்றுக்கு இன்னொரு வழி கிடைத்ததும் தாளம் குலைந்துவிடும். கட்டுகஸ்தோட்டை தாண்டி மருமகனுக்குச் செய்து காட்டினேன். பொத்தானிலிருந்து என் விரலை எடுக்குமுன்பே அடி நின்றது. கூரையை முக்கால்வாசி மட்டும் திறப்பதும் உதவும். சில கார்களில் கூரை முழுதாகத் திறக்காமல் ஓரிடத்தில் நின்றுகொள்ளும். அது பழுதல்ல, இதற்காகவே வைத்த நிறுத்தம்.

கராஜில் எதையாவது பார்க்கத்தான் வேண்டுமென்றால், கூரை திறந்ததும் முன் விளிம்பில் எழும்பும் காற்றுத் தடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டியாகவோ வலையாகவோ இருக்கும். ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த வண்டிகளில் அது உடைந்திருக்கலாம். மரத்தடியில் நிறுத்தும் வண்டியென்றால் இலைகுப்பை அடைத்து எழும்பாமலே கிடக்கலாம்.

பெரஹெரா காலத்தில் பிள்ளைகளைச் சன்ரூஃபில் நிற்கவைத்து ஓட்டுபவர்களோடு சத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் முதலில் பிள்ளையைக் கீழே இறக்கட்டும்.

வாகனம் விற்பவர்களே, லீசிங் கடதாசியில் கையெழுத்து வாங்கும்போது இந்த ஷட்டர் விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாங்கியவர்களே, பீடிங் மாற்றச் சொன்னால், கூரை மூடியிருக்கும்போது மழைத்தண்ணீர் ஒழுகுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒழுகாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.