குந்தி உட்கார்ந்தவர்கள்

என் முட்டிவலியைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று பொங்கல் சமயத்தில் இதே பத்தியில் சத்தியம் செய்திருந்தேன். பேரன் அதைக் கெடுத்துவிட்டான்.

பேரன் பிட்ஸ்பர்கில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோவில் புளியோதரையை 'ரைஸ் வித் காரம்' என்று அவன் சொன்னதை எழுதப்போய், மகளிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதும் தெரியும். இப்போது பன்னிரண்டு வயது. பேஸ்பால் சீசன் ஆரம்பித்துவிட்டதால் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். ஊர் அணியான பைரேட்ஸில் இதுவரை ஆடியவர்களில், ஒவ்வோர் இடத்துக்கும் தலைசிறந்த ஒருவரைப் பொறுக்கி, ஏன் அவர் என்று நாலு வரி எழுத வேண்டும். பையன் பட்டியலைப் போட்டு வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, 'தாத்தா, ஓகேவா?' என்று கேட்டிருந்தான்.

ஓகே இல்லை.

ஷார்ட்ஸ்டாப்புக்கு ஹோனஸ் வாக்னர். அதில் யாருக்கும் சண்டை கிடையாது. பேட்டிங்கில் எட்டு முறை லீகிலேயே முதலாவதாக வந்தவர். ரைட் ஃபீல்டுக்கு ராபர்டோ கிளமென்டே. சரியாக 3,000 ஹிட். அதற்குமேல் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் 1972 டிசம்பர் 31 அன்று, பூகம்பத்தில் இடிந்த நிகராகுவாவுக்கு நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாம் பேஸுக்கு பில் மாஸரோஸ்கி. 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி அடியில் யாங்கீஸிடமிருந்து பறித்தவர். மூன்றாம் பேஸுக்கு பை ட்ரேனர். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. லெஃப்ட் ஃபீல்டில்தான் கூட்ட நெரிசல். ரால்ஃப் கைனர், வில்லி ஸ்டார்ஜெல், பாரி பாண்ட்ஸ். பையன் சாமர்த்தியமாக ஸ்டார்ஜெல்லை முதல் பேஸுக்குத் தள்ளிவிட்டு பாண்ட்ஸுக்கு இடம் பிடித்திருந்தான். ஏழு வருடம் தொடர்ந்து ஹோம் ரன்னில் லீகின் முதலிடத்தில் நின்ற கைனர் வாசலில் நிற்கிறார். போகட்டும். பிட்சராக 2024-இல்தான் வந்து சேர்ந்த பால் ஸ்கீன்ஸைப் போட்டிருந்தான். பன்னிரண்டு வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒவ்வொருவருக்கும் நாலு வரி கேட்டால் எட்டு வரி எழுதியிருந்தான். கடைசி இடத்துக்கு வந்தேன். 'கேட்சர்: தெரியல. கெண்டல்னு போட்டுக்கலாமா? யாராவது.'

யாராவது!

கல்லூரியில் மூன்று வருடம் விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். ஒரு நாள் முழுக்கக் குந்தி எழுந்து, குந்தி எழுந்து, சாயங்காலம் ஹாஸ்டல் படியைப் பின்பக்கமாக இறங்கியவன். அணிப் பட்டியலில் என் பெயர் எப்போதும் கடைசி. 'அப்புறம் கீப்பர் யாரு? அவன்தான், இருக்கானே.' பேஸ்பால் கேட்சர் எங்கள் சாதி. எங்களைவிடப் பாவப்பட்ட சாதி. முகத்துக்குக் கம்பிமூடி, மார்புக்குக் கவசம், காலுக்குத் தகடு. அடிப்பவன் மட்டை வீசும் தூரத்திலேயே பின்னால் குந்தியிருக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நூறு முறைக்கு மேல் குந்தி எழ வேண்டும். அடுத்த பந்து என்ன என்று பிட்சருக்குச் சொல்வதும் அவர்தான். மைதானத்தில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, எதிர்த்திசையில் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள். அவருக்குத்தான் 'யாராவது'.

ஜேசன் கெண்டல் மோசமானவர் இல்லை. பட்டியல் போடுகிற பெரியவர்கள் பலரும் அவரைத்தான் போடுவார்கள். ஆனாலும் அவனுக்கு மானி ஸங்கியேனைப் பற்றிச் சொன்னேன். பனாமாக்காரர், கிளமென்டேயின் சிநேகிதர். விமானம் விழுந்தபின் கிளமென்டேக்கு நடந்த அஞ்சலிக்கு அணியே போனபோது ஸங்கியேன் மட்டும் போகவில்லை. விமானம் விழுந்த கடலில் முங்கி முங்கி உடலைத் தேடிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவில்லை. இதே ஸங்கியேனைப் பின்னாளில் ஒரு மேனேஜருக்குப் பண்டமாற்றாக ஓக்லண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கீப்பர்களுக்கு நடப்பதெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

பையன் கேட்டான்: 'அப்போ ஸங்கியேன்னு எழுதிடவா?' ஒரு நிமிஷம் இரு, புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த ஒரு நிமிஷம் மூன்று நாளாகிவிட்டது.

புத்தகம் எது என்று பழைய வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். லாரன்ஸ் ரிட்டரின் 'த குளோரி ஆஃப் தெயர் டைம்ஸ்'. வருடத்துக்கு ஒரு தடவையாவது இதை நான் இழுக்காமல் இருந்ததில்லை. 'தாங்கள் அதை மறுபடி குறிப்பிட்டால் சந்தாவை நிறுத்திவிடுவேன்' என்று போன வருடம் கடிதம் போட்ட அன்பர், அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

ரிட்டர் விளையாட்டு எழுத்தாளர் இல்லை, பொருளாதாரப் பேராசிரியர். 1961-இல் அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் டை காப் இறந்துபோனார். அதே சமயம் ரிட்டரின் அப்பாவும் போனார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பேசுவதற்கு வைத்திருந்த ஒரே விஷயம் பேஸ்பால். அப்பா காலத்து ஆட்டக்காரர்கள் எங்கேயாவது உயிரோடு இருப்பார்களே, அவர்கள் போவதற்குள் போய்க் கேட்டுவிடலாம் என்று டேப் ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். 75,000 மைல் அலைந்தார். 1966-இல் வந்த புத்தகத்தில் 22 கிழவர்கள் பேசுகிறார்கள். கேள்விகளை எல்லாம் ரிட்டர் துடைத்து எடுத்துவிட்டதால், திண்ணையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களாகவே பேசுவது போலிருக்கும். வந்த ராயல்டியை அந்த 22 பேரோடும் பங்கு போட்டுக்கொண்டார். எழுத்தாளர்களில் இப்படியும் ஒருவர்.

அதில் எனக்குப் பிடித்த இடம் பேட்டியில் இல்லை, முன்கதையில் இருக்கிறது. சாம் கிராஃபோர்டு என்பவரைத் தேடி ரிட்டர் கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊருக்குப் போகிறார். யாருக்கும் தெரியவில்லை. ஒன்றிரண்டு நாளாகிறது, அழுக்குத் துணி சேர்ந்துவிட்டது. காசு போட்டுத் துவைக்கும் கடையில் துணி சுழல்வதைப் பார்த்தபடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக்காக, கிராஃபோர்டு என்று யாரையாவது தெரியுமா என்று கேட்கிறார். முதியவர்தான் கிராஃபோர்டு. இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சலவை சோப்பு வாசனை வரும். டாமி லீச் வாக்னரை முதன்முதலாகப் பார்த்த கதையும் அதில்தான் இருக்கிறது. மூன்றாம் பேஸில் ஆளில்லை, உடனே இடம் கிடைக்கும் என்று நம்பி ஓர் அணியில் போய்ச் சேர்கிறார் லீச். போய்ப் பார்த்தால் அங்கே நிற்பவர் வாக்னர்.

கேட்சருக்கு வருகிறேன். பின்னால் வந்த விரிவான பதிப்பில் நாலு பேரைச் சேர்த்தார்கள். அதில் ஒருவர் ஜார்ஜ் கிப்சன். கனடாக்காரர். 1905-இல் பைரேட்ஸுக்கு வந்தவர். 1909-இல், ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம் திறந்த அந்த வருடம், 150 ஆட்டங்களுக்குக் கேட்சராகக் குந்தினார். அணி உலகத் தொடரை வென்றது. மட்டையில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் 150! என் முட்டி எழுந்து நின்று கைதட்டியது. கிடைத்துவிட்டார் நம் ஆள் என்று நோட்டில் 'கேட்சர்: கிப்சன்' என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், எழுதியது வேறு ஆளாகத் தெரிந்தது.

பிட்ஸ்பர்கில் 'கேட்சர், கிப்சன்' என்று இனிஷியல் இல்லாமல் சொன்னால் ஜார்ஜ் யாருக்கும் ஞாபகம் வரமாட்டார். ஜாஷ் கிப்சன் வருவார். ஜார்ஜியாவில் 1911-இல் பிறந்து, இரும்பாலை வேலைக்கு வந்த அப்பாவின் பின்னால் பிட்ஸ்பர்குக்கு வந்த பையன். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்று அந்த ஊரின் இரண்டு கறுப்பர் அணிகளிலும் கேட்சர். 2024 மே மாதம் கறுப்பர் லீகுகளின் கணக்கையும் மேஜர் லீக் தன் பேரேட்டில் சேர்த்துக்கொண்டபோது, ஆயுள் சராசரியில் டை காப்பின் .367 இரண்டாமிடத்துக்கு இறங்கியது. மேலே ஏறியது ஜாஷ் கிப்சனின் .372. பைரேட்ஸ் கேட்சர் மட்டுமல்ல, பூமியில் யாரும் அப்படி அடித்ததில்லை. ஆனால் பையனின் வீட்டுப்பாடத்தில் அவர் வரமுடியாது. பைரேட்ஸ் சட்டையை அவர் ஒரு நாள்கூடப் போட்டதில்லை, போடவிடவில்லை.

இத்தனைக்கும் தூரமா? பைரேட்ஸ் வெளியூர் போகும் நாட்களில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டைக் கறுப்பர் அணிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். மைதானம் தருவார்கள், உடைமாற்றும் அறை தரமாட்டார்கள். ரோஷம் வந்து கஸ் கிரீன்லீ என்பவர் 1932-இல் மேட்டுப்பகுதியில் தன் கிராஃபோர்ட்ஸுக்கென்று சொந்த மைதானமே கட்டினார். அதே 1932-இல் பைரேட்ஸ் மேனேஜராகத் திரும்பி வந்தவர் யார் தெரியுமோ? ஜார்ஜ் கிப்சன். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஊரில் இரண்டு கிப்சன்கள். கீழே பழைய கேட்சர் கிப்சன் வெள்ளை அணியை மேய்த்துக்கொண்டிருக்கிறார். மேட்டில் இளைய கிப்சன் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார். என் பிரியமான புத்தகத்தில் ஜார்ஜ் பேசுகிறார். ஜாஷ் அதில் பேச வழியில்லை. ரிட்டர் கிளம்புவதற்குப் பதினைந்து வருடம் முன்பே இறந்துவிட்டார். ஆனால் அவரோடு ஆடியவர்கள் இருந்தார்களே? 75,000 மைலில் ஒரு கறுப்பர் வீட்டுத் திண்ணைகூட இல்லை. இத்தனை வருடம் படித்தும் இந்த வாரம்தான் இது எனக்கு உறைத்தது. சந்தா அன்பர் சந்தோஷப்படலாம்.

1934 நடுவில் ஜார்ஜ் கிப்சனை எடுத்துவிட்டு மேனேஜராக்கியது பை ட்ரேனரை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, பேரன் பட்டியலின் மூன்றாம் பேஸ், அவர்தான். 1937 டிசம்பரில் அவருக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பர் பத்திரிகையின் விளையாட்டு எழுத்தாளர் செஸ்டர் வாஷிங்டன். உங்களுக்கு ஆள் வேண்டும், ஆள் இங்கேயே இருக்கிறார்கள் என்று ஐந்து பெயர்களைச் சொல்லியிருந்தார். முதல் பேஸுக்கு பக் லெனர்ட், பிட்சர்கள் ரே பிரவுனும் சாச்சல் பெய்ஜும், ஓடுவதற்குக் கூல் பாப்பா பெல், கேட்சருக்கு ஜாஷ் கிப்சன். ஐவரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். விலையும் அதிகமில்லை என்று வேறு அதில் இருந்தது.

தந்திக்குப் பதில் வரவில்லை. மேனேஜர் தனியாக முடிவெடுக்கிற விஷயமில்லை அது, தெரியும். முதலாளிகள், லீக், எழுதாத சட்டம் எல்லாம் இருந்தது. இருந்தாலும் 'கிடைத்தது' என்று ஒரு வரி?

அடுத்த வருடம், 1938. பைரேட்ஸ் முன்னணியில் ஓடுகிறது. உலகத் தொடர் நம் ஊருக்கு வரப்போகிறது என்று ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் உச்சியில் பத்திரிகைக்காரர்களுக்குப் புதிதாக மாடமே கட்டிவிட்டார்கள். செப்டம்பர் 28, சிகாகோ. ஸ்கோர் 5-5. அந்த மைதானத்தில் விளக்கு கிடையாது, இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஒன்பதாவது இன்னிங்ஸோடு சரி, நாளைக்குத் திரும்ப ஆடவேண்டியதுதான் என்ற நிலை. இரண்டு பேர் அவுட். மட்டைக்காரருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. அடுத்த பந்தை அவர் அடித்தது பாதிப்பேருக்குக் கண்ணில்கூடப் படவில்லை. ஹோம் ரன். முதலிடம் போயிற்று, சீசனும் போயிற்று, இரண்டு ஆட்ட வித்தியாசத்தில்.

அடித்தவர் கேபி ஹார்ட்னெட். சிகாகோ அணியின் கேட்சர்.

ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்தார். மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது அதே வருடம் ஏப்ரல் 15. பைரேட்ஸில் முதல் கறுப்பர் வர 1954 ஆயிற்று. ஜாஷின் சமாதிக்குக் கல் வைக்க 1975.

போன பயணத்தில் பேரனும் நானும் பல்கலைக்கழகத்தில் போஸ்வர் ஹால் என்ற கட்டடத்துக்குப் போனோம். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் எழுப்பியது. உள்ளே நடைவழித் தரையில் ஒரு கண்ணாடி. அடியில் பழைய ஹோம் பிளேட். வெள்ளை ரப்பர், ஐந்து மூலை, அரிசி மூட்டை அகலம்கூட இல்லை. மாணவர்கள் காபிக் கோப்பையோடு அதன்மேல் நடந்து போகிறார்கள். உண்மையான இடம் இதிலிருந்து சற்றுத் தள்ளி என்றும் ஊரில் சொல்வார்கள். நான் அதற்குப் பின்னால், இரண்டு கிப்சன்களும் குந்திய திசையில், குந்தப் பார்த்தேன். பாதி போனதும் முட்டி நின்றுவிட்டது. எழுப்பிவிட்டது பேரன்தான். அன்றைக்கு அந்த இடத்தில் குந்தியவர் யார் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி அவனுக்கு பதில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவன், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவான் என்று தமிழிலேயே எழுதினேன். 'கேட்சர்: ஜா. கிப்சன். பிட்ஸ்பர்குக்காக ஆடியவர். ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் வருடக்கணக்காகக் குந்தி உட்கார்ந்தவர்.' எதுவும் பொய்யில்லை. ஜார்ஜுக்கும் ஜா, ஜாஷுக்கும் ஜா. நம் மொழியின் இனிஷியலுக்கு இப்படி ஒரு உபகாரம் உண்டு.

காலையில் மகள் குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். வீட்டுப்பாடம் இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். 'அப்பா, இவன் ஜி போடறதா, ஜே போடறதான்னு கேக்கறான். நாளைக்குக் கொடுக்கணும்.'

அங்கே இப்போது இரவு. விடிவதற்குள் பதில் போட்டுவிட வேண்டும்.